இரண்டு ஆணைகள், ஒரு தலை

1642 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் காற்றும் மழையுமான ஒரு மாலை. மன்னர் முதலாம் சார்லஸ் தன் போர்க்கொடியை ஏற்றுவதற்காக வந்திருந்தார். கொடி ஏறும்போது ஒரு பிரகடனம் வாசிக்கப்பட வேண்டும். கட்டியக்காரர் காகிதத்துடன் தயாராக நின்றார். கடைசி நேரத்தில் மன்னருக்கு ஏதோ உறுத்தியது. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பேனாவும் மையும் கொண்டுவரச் சொன்னார். நின்ற இடத்திலேயே சில வார்த்தைகளை அடித்தார், சிலவற்றை மாற்றினார். எக்காளம் முழங்கியது. அடித்தல் திருத்தலோடு கைக்கு வந்த பிரகடனத்தைக் கட்டியக்காரர் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தார். அன்றிரவே கொடி காற்றில் சாய்ந்துவிட்டது என்று மன்னரின் ஆலோசகராக இருந்த கிளாரெண்டன் பிரபு எழுதி வைத்திருக்கிறார்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் முறைப்படி தொடங்கியது அன்றுதான். ஆனால் அதற்கு முன்பே பல மாதங்களாக நாட்டில் வேறொரு போர் நடந்துகொண்டிருந்தது. மன்னர் ஒரு பக்கம் பிரகடனம் வெளியிட்டார். நாடாளுமன்றம் மறுபக்கம் ஆணை பிறப்பித்தது. இரண்டும் மன்னரின் பெயரிலேயே வெளிவந்தன. இரண்டும் சட்டத்தைக் காப்பாற்றுவதாகவே சொல்லிக்கொண்டன. ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதன் கண்ணில் அது ராஜத்துரோகம். சந்தைத் திடலில் நின்று இரண்டையும் கேட்ட சாதாரண மனிதனுக்கு இருந்ததோ ஒரே ஒரு தலை.

அரசாங்கம் சொன்னால் கேட்டு நடப்பதுதான் பத்திரம் என்பது எந்த நாட்டுக் குடிமகனுக்கும் தெரிந்த பாடம். எது அரசாங்கம் என்பதே கேள்வியாகிவிட்டால் அந்தப் பாடம் உதவாது. 1642 முதல் 1660 வரையிலான இங்கிலாந்து அதைக் கண்கூடாகக் கண்டது.

பழைய ஏற்பாடு

அதற்கு முன்பு விஷயம் சுலபமாக இருந்தது. பிரகடனம் வெளியிடும் உரிமை மன்னருக்கு மட்டுமே உண்டு. அரசரின் அச்சகத்தில் அது அச்சாகும். பெருமுத்திரை பதித்த உத்தரவுடன் ஒவ்வொரு மாவட்டத்தின் ஷெரீஃபுக்கும் போகும். சந்தை கூடும் நாளில், சந்தைச் சிலுவைக் கம்பத்தின் அடியில் உரக்க வாசிப்பார்கள். பிறகு அங்கேயே ஒட்டிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அரசாங்கத்தின் குரலைக் கேட்டது இப்படித்தான்.

அந்தக் குரலுக்கும் ஒரு வரம்பு இருந்தது. வெறும் பிரகடனத்தால் மன்னர் புதிய குற்றம் எதையும் உண்டாக்க முடியாது என்று 1610 இல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கும் மற்ற நீதிபதிகளும் கருத்துச் சொன்னார்கள். சட்டம் வேண்டுமென்றால் காமன்ஸ் சபை, பிரபுக்கள் சபை, மன்னர் ஆகிய மூன்று தரப்பும் ஒப்ப வேண்டும். ஆனால் சார்லஸ் 1629 முதல் 1640 வரை நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே ஆண்டார். பணமுடை முற்றி, ஸ்காட்லாந்துடன் சண்டையும் வந்த பிறகுதான் வேறு வழியின்றிக் கூட்டினார். பதினோரு ஆண்டுகள் அடக்கி வைத்த குறைகளோடு உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

1641 ஜூலையில் நாடாளுமன்றம் நட்சத்திர மண்டப நீதிமன்றத்தை ஒழித்தது. அச்சகங்களைக் கட்டுப்படுத்தி வந்தது அந்த நீதிமன்றம்தான். கடிவாளம் அறுந்ததும் லண்டன் தெருக்களில் துண்டுப் பிரசுரங்கள் குவிந்தன. சபைத் தீர்மானங்கள், மன்னரின் பதில்கள், அந்தப் பதிலுக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என எல்லாம் அச்சில் வந்தன. லண்டன் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் இவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார். 1661 இல் அவர் நிறுத்தியபோது சேர்ந்திருந்தவை ஏறத்தாழ 22,000. எந்தக் கட்சி என்று பார்க்காமல் அவர் எடுத்து வைத்த அந்தக் காகிதங்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அவற்றைத் தொடாமல் எழுத முடியாது.

போலி முத்திரை, நாற்பது பிரதிகள்

நெருப்பைப் பற்ற வைத்தது அயர்லாந்து. 1641 அக்டோபரில் அங்கு கத்தோலிக்கர்களின் கிளர்ச்சி வெடித்தது. நவம்பர் தொடக்கத்தில் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான ஃபெலிம் ஓ'நீல் ஓர் ஆவணத்தைக் காட்டினார். ஆயுதம் ஏந்தும்படி மன்னரே தமக்கு எழுதிக் கொடுத்த ஆணை அது என்றார். அது போலி. அதில் தொங்கிய முத்திரை வேறொரு பழைய ஆவணத்திலிருந்து கழற்றப்பட்டது என்று பின்னர் சொல்லப்பட்டது. ஆனால் மன்னரை ஏற்கெனவே சந்தேகித்தவர்களுக்கு அந்தப் போலியே போதுமானதாக இருந்தது.

மன்னர் 1642 ஜனவரி முதல் தேதி கிளர்ச்சிக்காரர்களைத் துரோகிகள் என்று அறிவித்துப் பிரகடனம் வெளியிட்டார். அதில் நாற்பது பிரதிகளுக்கு மேல் அச்சிடக்கூடாது என்று உத்தரவு. காரணம் எதுவாக இருந்தாலும் பார்த்தவர்களுக்கு ஒன்றுதான் தோன்றியது: ஊருக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர் நாற்பது பிரதிகளோடு நிறுத்துவாரா? மன்னரின் எதிரிகள் அந்த எண்ணிக்கையை மறக்கவில்லை. ஆணையின் வாசகத்தைப் போலவே அது எத்தனை கைகளுக்குப் போனது என்பதும் ஒரு செய்தி என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அயர்லாந்துக்கு ஒரு படை அனுப்பியாக வேண்டும். அந்தப் படை யார் கையில் இருப்பது? ஜனவரி 4 அன்று சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களுடன் காமன்ஸ் சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யப் பார்த்தார். அவர்கள் முன்கூட்டியே தப்பிவிட்டார்கள். ஆறு நாட்களில் மன்னர் லண்டனை விட்டே வெளியேறினார். இப்படிப்பட்டவரிடம் படையை ஒப்படைத்தால் அது அயர்லாந்துக்குப் போகாமல் வெஸ்ட்மின்ஸ்டருக்கே திரும்பும் என்று உறுப்பினர்கள் அஞ்சினார்கள்.

மாவட்டந்தோறும் இருந்த ஊர்ப்படைகளுக்குத் தலைவர்களை நியமிக்கும் அதிகாரத்தைக் கேட்டு மசோதா நிறைவேற்றினார்கள். மன்னர் ஒப்புதல் தர மறுத்தார். ஒப்புதல் இல்லாமல் சட்டம் இல்லை. இந்த இடத்தில்தான் நாடாளுமன்றம் ஒரு பழைய சொல்லை எடுத்துப் புதிய வேலைக்கு அனுப்பியது. 1642 மார்ச் 5 அன்று அதே மசோதாவை 'ஆர்டினன்ஸ்' என்ற பெயரில் இரு சபைகளும் பிறப்பித்தன. மன்னரின் கையெழுத்து இல்லை. ஆனாலும் சட்டம் போலவே எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றன.

எந்த உரிமையில்? ஜூன் மாதம் வெளியிட்ட விளக்கத்தில் சபைகள் பதில் சொல்லின. அரச பதவி வேறு, அதில் அமர்ந்திருக்கும் மனிதர் வேறு. நாடாளுமன்றம் நாட்டின் உச்ச நீதிமன்றம். அங்கே எடுக்கும் முடிவு, மன்னர் நேரில் எதிர்த்தாலும், அரச அதிகாரத்தின் முடிவேதான். அதாவது மன்னரின் பெயரால் மன்னரை மீறலாம். சார்லஸ் யார்க் நகரிலிருந்து மே 27 அன்று பிரகடனம் விடுத்திருந்தார். முதலாம் எட்வர்டு காலத்துச் சட்டத்தை எடுத்துக்காட்டி, தன் உத்தரவு இல்லாமல் ஊர்ப்படையில் ஒருவரும் அணிவகுக்கக் கூடாது என்று தடை விதித்தார்.

வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைச் சட்ட வரலாற்றாசிரியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிராமத்துக் கான்ஸ்டபிளுக்கு அந்த அவகாசம் இல்லை. ஈட்டியும் துப்பாக்கியுமாக ஆட்களைத் திரட்டச் சொல்லி ஒரு காகிதமும், திரட்டாதே என்று இன்னொரு காகிதமும் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

வாசலில் நின்ற மன்னர்

இந்தச் சங்கடத்தை முதலில் முகத்துக்கு நேராகச் சந்தித்தவர் சர் ஜான் ஹாத்தம். ஹல் துறைமுகக் கோட்டையின் ஆளுநராக நாடாளுமன்றம் அவரை நியமித்திருந்தது. ஸ்காட்லாந்துச் சண்டைக்கென வாங்கிய ஆயுதங்கள் பெருமளவில் அங்கேதான் இருந்தன. 1642 ஏப்ரல் 23 அன்று மன்னரே குதிரைப்படையுடன் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார். கதவைத் திறக்கச் சொன்னார். நாடாளுமன்றம் என்மீது வைத்த நம்பிக்கையை மீற முடியாது என்று ஹாத்தம் மறுத்தார். கட்டியக்காரர்களைக் கொண்டு அவரைத் துரோகி என்று அறிவித்துவிட்டு மன்னர் திரும்பினார். நாடாளுமன்றமோ ஹாத்தம் செய்தது சரியே என்றது.

ஓராண்டில் ஹாத்தமின் மனம் மாறியது. மன்னர் தரப்போடு ரகசியமாகப் பேரம் பேசினார். 1643 ஜூனில் பிடிபட்டார். 1645 ஜனவரி 1 அன்று அவருடைய மகனின் தலையும் மறுநாள் அவருடைய தலையும் நாடாளுமன்றத்தின் தீர்ப்பால் வெட்டப்பட்டன. மன்னரின் ஏட்டில் அவர் துரோகி. நாடாளுமன்றத்தின் ஏட்டிலும் துரோகி.

மன்னர் தரப்புக்கும் படை வேண்டியிருந்தது. 1642 ஜூனில் அவர் மாவட்டப் பிரபுக்களுக்குப் படைதிரட்டு ஆணைகளை அனுப்பினார். நான்காம் ஹென்றி காலத்தில், 1404 இல், இருந்த ஏற்பாட்டைத் தேடியெடுத்துப் புதுப்பித்திருந்தார்கள். பழமை சட்டபூர்வமாகத் தெரியும் என்பது கணக்கு. ஆனால் அந்த ஆணை லத்தீனில் இருந்தது. சந்தையில் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. விளங்காத இடத்தில் வதந்தி புகுந்தது. சாமர்செட் மாவட்டத்தில் எதிர்த்தரப்பார் இஷ்டத்துக்கு மொழிபெயர்த்ததாகக் கிளாரெண்டன் குமுறுகிறார். நிலம் வைத்திருந்தவர்களிடம், சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு பறிபோகும் என்றார்களாம். ஏழைகளிடம், வாரத்தில் ஒரு நாள் உழைப்பை மன்னருக்கு வரியாகத் தர வேண்டும் என்றார்களாம். ஆணையில் இவை எதுவும் இல்லை. ஆனால் இல்லை என்று காட்டுவதற்கு அது மக்கள் மொழியில் இல்லையே.

எந்தக் காகிதத்தையும் வாங்காமல் இருக்க முயன்றவர்களும் உண்டு. 1642 செப்டம்பரில் யார்க்ஷயரிலும் டிசம்பரில் செஷயரிலும் இரு தரப்புப் பெரிய மனிதர்களும் கூடி, எங்கள் மாவட்டத்தில் சண்டை வேண்டாம் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அப்படி ஒதுங்கிக்கொள்ள எந்த மாவட்டத்துக்கும் உரிமை இல்லை என்று நாடாளுமன்றத் தரப்பு அந்த முயற்சிகளை நிராகரித்துவிட்டது. நடுநிலை என்பதையும் ஒரு குற்றமாகத்தான் போர் பார்த்தது.

தூது சென்றவனின் கழுத்து

அரச ஆணைக்கு உயிர் கொடுப்பது பெருமுத்திரை. அதைக் காத்து வந்தவர் லிட்டில்டன் பிரபு. 1642 மே மாதம் அவர் முத்திரையை யார்க்கில் இருந்த மன்னருக்கு அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். ஒரு முத்திரை போனதில் வெஸ்ட்மின்ஸ்டர் திகைத்தது. முத்திரை இல்லாமல் நியமனம் இல்லை, நீதிமன்ற உத்தரவு இல்லை. ஓராண்டுக்கு மேல் விவாதித்துவிட்டு, 1643 நவம்பரில் நாடாளுமன்றம் தானே ஒரு பெருமுத்திரையைச் செய்துகொண்டது. நாட்டில் இப்போது இரண்டு பெருமுத்திரைகள். இரண்டிலும் மன்னரின் உருவம்.

அதே நவம்பரில் நடந்த ஒரு சம்பவம் பெரிய போர்க்களங்களின் கதைகளுக்கு நடுவே பலர் கண்ணில் படாமல் போய்விடுகிறது. நீதிமன்றங்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடக்கூடாது, தன் தலைநகராக மாறிவிட்ட ஆக்ஸ்ஃபோர்டில்தான் கூட வேண்டும் என்று மன்னர் உத்தரவிட்டார். அந்த உத்தரவை லண்டனில் இருந்த நீதிபதிகளிடம் சேர்க்க அரசாங்கத் தூதர்கள் சென்றார்கள். அது அவர்களுடைய வழக்கமான வேலை. போருக்கு முன்னாலும் அதையேதான் செய்து வந்தார்கள். நாடாளுமன்றம் அவர்களைப் பிடித்துப் போர் மன்றத்தில் நிறுத்தியது. ஒற்றர்கள் என்று தீர்ப்பு. ஒருவரை லண்டனில் பகிரங்கமாகத் தூக்கிலிட்டார்கள்.

அவர் ஆயுதம் எதையும் ஏந்தவில்லை. மன்னரின் முத்திரை பதித்த காகிதத்தைக் கொண்டுபோய் நீதிபதியிடம் கொடுத்தார். நேற்றுவரை அவருக்குச் சம்பளம் தந்த அதே வேலை இன்று அவர் கழுத்தில் சுருக்காக விழுந்தது. ஆணையிட்ட மன்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பத்திரமாக இருந்தார். தீர்ப்பளித்தவர்கள் லண்டனில் பத்திரமாக இருந்தார்கள். இடையில் நடந்து போனவர் மட்டும் திரும்பவில்லை.

1646 இல் ஆக்ஸ்ஃபோர்டு வீழ்ந்தபோது மன்னரின் பெருமுத்திரை நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தது. ஆகஸ்டில் ஒரு கொல்லனை வரவழைத்து அதைத் துண்டு துண்டாக உடைத்தார்கள்.

மாறிய நாற்காலி

மன்னரின் எதேச்சதிகாரத்தை எதிர்த்து எழுந்த நாடாளுமன்றம், ஆர்டினன்ஸ் என்ற கருவி பழகிப்போனதும், அதை எதற்கும் எடுக்கத் தொடங்கியது. கலால் வரி ஒரு நல்ல உதாரணம். சபை கலால் வரி விதிக்கப்போகிறது என்ற பேச்சு 1642 இல் கிளம்பியபோது, அது அவதூறு, பரப்புகிறவர்களைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்று காமன்ஸ் சபை அறிவித்தது. 1643 ஜூலையில் அதே சபை கலால் வரியை விதித்தது. பீர், சாராய வகைகள், புகையிலை என்று தொடங்கி, அடுத்த ஆண்டு இறைச்சிக்கும் உப்புக்கும் வந்தது. 1647 பிப்ரவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையில் ஜனங்கள் கலால் அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். இறைச்சிக்கும் உப்புக்கும் விதித்த வரியை மட்டும் அந்த ஆண்டு விலக்கிக்கொண்டார்கள்.

அச்சுச் சுதந்திரமும் நீடிக்கவில்லை. 1643 ஜூன் 14 அன்று, உரிமம் பெறாமல் எதையும் அச்சிடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதை எதிர்த்துக் கவிஞர் ஜான் மில்டன் 'அரியோபஜிட்டிகா' எழுதி 1644 நவம்பரில் வெளியிட்டார், உரிமம் பெறாமலேயே. இத்தனைக்கும் மில்டன் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றவர்.

அடுத்து ஆணைகள் கோயிலுக்குள் நுழைந்தன. நூறு ஆண்டுகளாக ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் மக்கள் கேட்டுப் பழகிய பொது ஜெப நூலை 1645 ஜனவரியில் ஓர் ஆர்டினன்ஸ் நீக்கியது. புதிய வழிபாட்டுக் கையேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்றது. பழைய நூலைப் பயன்படுத்தினால் முதல் தடவை 5 பவுண்டு, இரண்டாம் தடவை 10 பவுண்டு அபராதம். மூன்றாம் தடவை ஓராண்டுச் சிறை. அந்த நவம்பரில் மன்னர் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து எதிர்ப் பிரகடனம் விடுத்தார். பழைய நூலைத்தான் வாசிக்க வேண்டும், புதியதைத் தொடக்கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பீடத்தில் ஏறும் கிராமத்துப் பாதிரியார் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் குற்றம். கிறிஸ்துமஸும் தப்பவில்லை. 1647 ஜூனில் வந்த ஆர்டினன்ஸ் அதைப் பண்டிகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த டிசம்பர் 25 அன்று கேன்டர்பரியில் கடைகளைத் திறக்கச் சொன்ன மேயருக்கு எதிராக ஜனங்கள் கலகம் செய்தார்கள்.

ஆணைகளின் மீதே வெறுப்புற்றவர்கள் 1645 இல் தென்மேற்கு மாவட்டங்களில் திரண்டார்கள். தடிகளோடும் அரிவாள்களோடும் கூடியதால் 'தடிக்காரர்கள்' என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள். எங்கள் மாடுகளைத் தொடுகிறவன் எவனானாலும் அவனோடு எங்களுக்குச் சண்டை என்பதுதான் அவர்கள் கொடியின் சாரம். எந்தத் தரப்பின் அதிகாரம் சட்டபூர்வமானது என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. தானியத்தையும் குதிரையையும் யார் எடுத்துப் போகிறார்கள் என்பதைத்தான் பார்த்தார்கள். ஆகஸ்டில் டார்செட் மாவட்டத்தின் ஒரு குன்றின்மேல் கிராம்வெல்லின் படை அவர்களைச் சிதறடித்தது.

சொல்லக்கூடாத ஒரு வார்த்தை

போர் முடிந்தது. 1649 ஜனவரி 30 அன்று காலை சார்லஸைத் தூக்குமேடைக்கு, சரியாகச் சொன்னால் வெட்டுமேடைக்கு, ஒயிட்ஹாலுக்கு அழைத்து வந்தார்கள். பிறகு மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள். வெட்டியது பிற்பகல் இரண்டு மணிவாக்கில். தாமதத்துக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் ஒரு காகிதம்தான். ஒரு மன்னர் இறந்த கணமே அடுத்தவர் மன்னர் என்பது இங்கிலாந்தின் வழக்கம். கட்டியக்காரர் ஒருவர் தெருமுனையில் நின்று மகனின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். தலையை வெட்டியும் பயனில்லை. ஆகவே புதிய மன்னர் என்று எவரையும் அறிவிப்பது குற்றம் என்று காமன்ஸ் சபை அன்றைக்கே அவசரமாகச் சட்டம் செய்தது. ஏழாண்டுகளாக இத்தனை ஆணைகளை அறிவித்தவர்கள் கடைசியில் அறிவிப்பையே தடை செய்ய வேண்டி வந்தது. தடை ஸ்காட்லாந்துக்குச் செல்லாது. பிப்ரவரி 5 அன்று எடின்பரோவில் இரண்டாம் சார்லஸின் பெயரை அறிவித்துவிட்டார்கள்.

மார்ச் 17 அன்று மன்னர் பதவியே ஒழிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தை லண்டன் மேயர் நகரில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். அப்போதைய மேயர் ஆப்ரகாம் ரெனார்ட்சன் முடியாது என்றார். பதவியேற்றபோது மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகச் செய்த சத்தியம் தன் மனசாட்சியைக் கட்டுகிறது என்றார். 2,000 பவுண்டு அபராதம், பதவி நீக்கம், லண்டன் கோட்டைச் சிறையில் இரண்டு மாதம். அடுத்து வந்த மேயர் மே மாதக் கடைசியில்தான் அதை வாசித்தார். உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்றில், நிறைவேறிய ஒரு சட்டம், அதை வாசிக்க ஒரு மனிதர் இல்லாததால் இரண்டு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்தது.

முத்திரையும் படையும் கையில் இருந்தும் ஆட்சியாளர்கள் அந்த மேயருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதுகிறவர், அச்சடிக்கிறவர், குதிரையில் கொண்டு போகிறவர், வாசிக்கிறவர், கேட்டு நடக்கிறவர் என்ற சங்கிலியில்தான் ஆணையின் பலம் இருக்கிறது. தூக்கில் தொங்கிய தூதரும் சிறைக்குப் போன மேயரும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். ஒருவர் கீழ்ப்படிந்ததற்காகத் தண்டனை பெற்றார். மற்றவர் கீழ்ப்படியாததற்காகத் தண்டனை பெற்றார்.

1660 இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். புதிய சட்டங்களில் அந்த ஆண்டை அவருடைய ஆட்சியின் முதலாம் ஆண்டு என்று எழுதவில்லை, பன்னிரண்டாம் ஆண்டு என்று எழுதினார்கள். நடுவில் குடியரசு என்ற ஒன்று இருந்ததாகவே காகிதம் ஒப்புக்கொள்ளவில்லை. அரச ஒப்புதல் பெறாத ஆர்டினன்ஸுகள் எல்லாம் சட்டப் புத்தகத்திலிருந்து மறைந்தன. வரலாற்றாசிரியர்கள் அவற்றைத் தொகுத்து மூன்று தொகுதிகளாக அச்சிட்டது 1911 இல்தான். மில்டனின் இரண்டு நூல்களைக் கொளுத்தச் சொல்லி 1660 ஆகஸ்டில் ஒரு பிரகடனம் வந்தது. ஆனால் கலால் வரியை மன்னர் விடவில்லை. அந்த வருமானத்தில் பாதியைப் பரம்பரையாக அரசுக்கே எழுதி வாங்கிக்கொண்டார். செல்லாத ஆர்டினன்ஸிலிருந்து பிறந்த வரி செல்லுபடியாகிவிட்டது.

தலைகீழான சொல்

ஆர்டினன்ஸ் என்ற சொல் இந்தியர்களுக்கு அந்நியம் அல்ல. ஆனால் கப்பலேறி இங்கு வந்தபோது அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. 1642 இல் அது மன்னரை ஒதுக்கிவிட்டுச் சபை செய்த சட்டம். 1861 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டசபைச் சட்டம் சபையை ஒதுக்கிவிட்டு வைஸ்ராய் ஆறு மாதத்துக்குச் சட்டம் செய்ய வழிசெய்தது. அதற்கும் ஆர்டினன்ஸ் என்றுதான் பெயர். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் அந்த அதிகாரத்தை 123 ஆவது பிரிவில் குடியரசுத் தலைவருக்கும் 213 ஆவது பிரிவில் ஆளுநர்களுக்கும் கொடுத்தது. தமிழில் அவசரச் சட்டம். நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் மட்டும் பிறப்பிக்கலாம். மறுபடி கூடி ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். சபை இல்லாமல் ஆளும் ஆசையை அடக்குவதற்காக அரசியல் சட்டம் போட்ட கடிவாளம் இந்த ஆறு வாரம்.

பீகார் அரசு அந்தக் கடிவாளத்தைக் கழற்றிப் பார்த்தது. காலாவதியாகும் தறுவாயில் அதே அவசரச் சட்டத்தை மறுபடி பிறப்பித்தது, மறுபடி, மறுபடி. 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள். சில பதினான்கு ஆண்டுகள் வரை சபையின் ஒப்புதல் இல்லாமலே உயிரோடு இருந்தன. இதைக் கண்டுபிடித்தது எதிர்க்கட்சி அல்ல. புனே கோகலே நிறுவனத்தின் பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா பீகார் அரசிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார். எண்ணியதைப் புத்தகமாக எழுதி, உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1986 டிசம்பரில் நீதிமன்றம் அந்த வழக்கத்தைக் கண்டித்தது. ஆராய்ச்சிக்காகப் பட்ட பாட்டுக்கு வாத்வாவுக்கு 10,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்கச் சொன்னது. 2017 இல் இன்னொரு பீகார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அவசரச் சட்டத்தை இப்படி மறுபடி மறுபடி பிறப்பிப்பது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று அழுத்திச் சொன்னது.

1642 இல் இங்கிலாந்தின் சந்தைத் திடலில் நின்றவனுக்கு இந்த வசதி இல்லை. இதைச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று இரண்டு காகிதங்களையும் பார்த்துக் கேட்க அவனுக்கு ஒரு நீதிமன்றம் கிடையாது. நீதிமன்றங்களையே ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வியைத் தலை போகாமல் கேட்க முடிகிற வரைக்கும்தான் ஓர் ஆணை சட்டமாக இருக்கிறது. ஆனால் கேள்வி தானாகக் கேட்கப்படுவதில்லை. யாராவது ஒருவர் அரசிதழை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது.